மூன்றாவது நாமம்

தண்ணீர் இன்னும் முழங்கால் அளவுக்குக்கூட வரவில்லை. ஜெபக்கூடத்து மேடைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்த பிறகுதான் அதற்கு அடியில் ஒரு தொட்டி இருப்பதே லீதியாளுக்குத் தெரிந்தது. நீல டைல்ஸ் பதித்த தொட்டி, இறங்க நாலு படி, ஜன்னல் வழியாக வந்து உள்ளே வாயைத் தொங்கப்போட்டுக் கிடக்கிற பச்சைக் குழாய். வெளியே மோட்டார் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கே நிறைத்து வைத்திருக்க வேண்டியதாம், மோட்டார் அறைச் சாவியை வைத்திருந்தவர் ஒன்பதுக்குத்தான் வந்தாராம். "இடுப்பளவு வரணும்லா. இன்னும் ஒரு மணிக்கூர் ஆவும், உக்காருங்க சிஸ்டர்" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. உட்கார்ந்துதான் இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சிஸ்டராகி, மடியில் பூத்துண்டும் காலடியில் மாற்றுத்துணிப் பையுமாக. "நீ வந்து துண்டு மட்டும் பிடிச்சா போதும்மா" என்று ஞானஸ்நானம் எடுக்கப்போகிற மகள் சொன்னாள். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள், "எத்தன மணிக்கு?" என்று வந்துவிட்டது. இடுப்பில் செருகிய பர்சுக்குள் மகளின் கம்மல் இருக்கிறது, மெல்லிய சங்கிலி இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கழற்றித் தந்தது. "இனி இதெல்லாம் எனக்கு வேண்டாம். வச்சுக்க, இல்லன்னா வித்துரு." அந்தக் காது இப்போது எதிர்வரிசையில், வெள்ளைச் சுடிதார் போட்ட ஏழு பேருக்கு நடுவில் தெரிகிறது, துளை மட்டும். ஒரு வயதில் குத்தினது. குத்தின அன்று ரெஜினா அழுத அழுகைக்குத் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. கம்மல் போடாமல் விட்டால் துளை தூர்ந்துபோகுமா? போகாது. சுருங்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு தடவை குத்தினது குத்தினதுதான். இதைப் பாஸ்டரிடம் சொன்னால் என்ன சொல்வார். ஒன்றும் சொல்ல மாட்டார், சிரிப்பார். அவர்கள் எல்லாரும் நன்றாகச் சிரிக்கிறார்கள்.

குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் மாறிவிட்டது. முதலில் டைல்ஸில் அடிக்கிற சத்தம், இப்போது தண்ணீர் மேல் தண்ணீர் விழுகிற சத்தம். அன்றைக்குச் சத்தமே இல்லை. இரண்டு விரல் நனைந்தால் என்ன சத்தம் வரும். எவர்சில்வர் டம்ளர், ஆஸ்பத்திரி வராந்தாக் குழாயில் பிடித்த தண்ணீர், கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு மாதத்தில் வந்துவிட்ட ஒரு பிள்ளை, உள்ளங்கை நீளத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை. நர்ஸ் வந்து காதோடு, "உங்க ஐயர வரச் சொல்லுங்கம்மா, பிள்ளைக்கு மூச்சு நிக்குது" என்றாள். சபைக் குருவான ஐயர் மூன்று ஊர்க் கோயிலுக்கு ஆராதனை நடத்த சைக்கிளில் போயிருப்பார், புருஷன் பொன்னையா வாத்தியார் மருந்துச்சீட்டோடு வெளியே ஓடியிருந்தார், இவள் மட்டும் நின்றாள், தையல் போட்ட வயிற்றோடு. எட்டாவது படிக்கிறபோது திடப்படுத்தல் வகுப்பில் உபதேசியார் சொன்னது நினைவுக்கு வந்தது. உயிர் போகிற நேரம், ஐயர் இல்லையென்றால், விசுவாசி எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தண்ணீர் வேண்டும், பெயர் வேண்டும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமமும் வேண்டும். தண்ணீர் இருந்தது. பெயர்? எவாஞ்சலின் என்று ஏழு மாதமாகச் சொல்லிச் சொல்லி வைத்திருந்த பெயர் அந்த நிமிஷத்தில் நாக்கில் இல்லை. குனிந்து பெட்டியின் ஜன்னலைத் திறந்த நர்ஸின் மார்பில் குத்தியிருந்த கறுப்புத் தகட்டில் வெள்ளையாய் எழுதியிருந்தது. ரெஜினா. சரி, ரெஜினா. ரெஜினா, பிதாவின், என்று நெற்றியில் வைத்தாள். குமாரனின், என்று வைத்தாள். பட்டாணி அளவு நெற்றி. "டாக்டர் வாராவ, தள்ளுங்கம்மா, தள்ளுங்க தள்ளுங்க" என்று யாரோ அவள் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள், கதவு மூடியது, டம்ளரோடு வராந்தாவில் நின்றாள். மூன்றாவதைச் சொன்னாளா? உதடு அசைந்தது நினைவிருக்கிறது. சத்தம் நினைவில்லை. சொன்னாளென்றே வைத்துக்கொண்டாலும் அப்போது விரல் பிள்ளையைத் தொடவில்லை, நடுவில் கதவு இருந்தது. முப்பத்தொரு வருஷமாக அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதே இடத்துக்கு வருகிறாள். சாமான் துலக்கும்போது வருகிறாள், முழங்காலில் நிற்கும்போது வருகிறாள். சொன்னேனா. சொல்லலையா.

பிள்ளை பிழைத்தது. நாற்பதாம் நாள் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனபோது ஐயர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, பேனாவை மூடாமல், "எல்லாம் ஒழுங்காச் சொன்னியாம்மா?" என்று கேட்டார். ஒரு சந்தேகம் என்றால் இன்னொரு தடவை கொடுக்க வழி இருக்கிறது, சந்தேகத்துக்கு என்று தனி வார்த்தையே இருக்கிறது, பயப்படாமல் சொல் என்றார். நல்ல மனுஷன். லீதியாள் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார், "சொல்லிட்டா ஐயா, எங்க வீட்டுக்காரி வேதத்துல கெட்டிக்காரி" என்றார். அந்தப் பெருமையை எப்படிக் கலைப்பது. ஐயர் எழுதிவிட்டார். இவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்றுகூட இப்போது தெரியவில்லை, ஆட்டியிருப்பாள். அது பொய்யா? ரெஜினாவுக்குப் பதினாலு வயதில் பேராயர் வந்து திடப்படுத்தலுக்குத் தலையில் கை வைத்தபோது, நடுவரிசையில் உட்கார்ந்து இவள் மட்டும் நினைத்துக்கொண்டாள். அஸ்திவாரத்தில் ஒரு கல் இல்லை, மேலே மாடி கட்டுகிறார்கள் என்று. ஆனால் அப்புறம் அப்புறம் வேறுமாதிரித் தோன்ற ஆரம்பித்தது. நான் பாதியில் விட்டதை ஆண்டவர் பாதி என்று எண்ணவில்லை. தாயின் வாய் குழறினால் அவருக்கு விளங்காதா. பேச வராத பிள்ளை 'ப்பா' என்றால் அப்பா திரும்புகிறார் அல்லவா. இதுதான் லீதியாளின் விசுவாசம், இவ்வளவுதான். புத்தகம் படித்து வந்ததில்லை, பிரசங்கத்தில் கேட்டதில்லை, ஒரு டம்ளரிலிருந்து வந்தது. ஆனால் அந்த டம்ளரில் இன்னொன்றும் இருந்தது. பக்கத்துப் பெட்டிப் பிள்ளையின் தாய், கோமதி என்று பெயர், அவள் பிள்ளை நெற்றியில் நர்ஸைக் கெஞ்சித் திருநீறு பூசி வைத்திருந்தாள். வராந்தாவில் இவளிடம் வந்து, "அக்கா, அந்தத் தண்ணில எம்பிள்ளைக்கும் ஒரு சொட்டு வைக்கச் சொல்லுங்கக்கா" என்றாள். கொடுத்தாள். வைத்தார்கள். திருநீறுக்கு மேல் தண்ணீர். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தப் பிள்ளை போய்விட்டது. இதை எப்போதோ ஒருநாள் மகன் ஆல்வினிடம் சொன்னாள், சாட்சி சொல்வதுபோலத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அது சாட்சியாக இல்லை. அவன் அப்போது கல்லூரி. "அந்தப் பிள்ளைக்கு என்னம்மா குறை?" என்றான். சண்டைக்குக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டான். அவன் கோயிலுக்கு வருவதை நிறுத்தினான், இவள் நிறுத்தவில்லை, ஒரே கதையிலிருந்து இரண்டு பேர் இரண்டு பக்கமாக எழுந்து போனார்கள். ஆனால் ஆல்வின் ஒருநாளும் அந்தக் கதையை எடுத்து இவள்மேல் வீசினதில்லை. கடவுள் இல்லை என்று சொல்கிறவன் இவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்டு என்று சொல்கிற மகள்தான்.

மோட்டார் நின்றது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. யாரோ "கரண்டு போச்சு" என்றார்கள், யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்கள், குழாயிலிருந்து கொஞ்சம் சொட்டி அதுவும் நின்றது. தண்ணீர் தொடையளவு இருக்கும். சத்தம் போனதும் கூடத்தில் எல்லாருடைய மூச்சும் கேட்கிற மாதிரி ஆயிற்று. அந்த நேரம் பார்த்துப் பாஸ்டரம்மா வந்தாள், நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, நிஜமாகவே அன்பான முகம். அதுதான் கஷ்டம். லீதியாளின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்கதான் ரெஜினா சிஸ்டர் அம்மாவா? சிஸ்டர் எல்லாம் சொல்லிருக்காங்க. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதிய. அறியாமச் செஞ்சதுதான."

"எத?"

"அதான்... ஆஸ்பத்திரில. ஒரு நாமத்த விட்டுட்டியள்லா. அதுக்காவத்தான் அந்த ரெண்டு கருவும்... சரி விடுங்க, இப்பந்தான் கர்த்தர் வழியத் தெறந்துட்டாரே. நாங்க எல்லாரும் உங்களுக்காவ உபவாசம் இருந்தோம்."

எல்லாரும். லீதியாள், "ஆமா" என்றாள். வேறென்ன சொல்வது. எல்லாரும் என்றால் இந்தப் பக்கத்து நாற்காலிக்காரி, தபேலாக்காரர், வாசலில் செருப்பு ஒழுங்குபடுத்துகிற அந்தப் பெரியவர், எல்லாரும் வயிற்றைக் காயப்போட்டு இவளுடைய வராந்தாவைப் பற்றி ஜெபித்திருக்கிறார்கள். எப்போது சொன்னாள் மகளிடம்? புரட்டாசியில். இரண்டாவது தடவையும் தங்காமல் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள் ரெஜினா, சோறு வேண்டாம், மாப்பிள்ளையோடு பேச்சு வேண்டாம். தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதிவிட்டுக்கொண்டே, வாத்தியாரிடம்கூடச் சொல்லாததை, அவர் செத்தபோது பெட்டிக்குள் குனிந்துகூடச் சொல்லாததை, லீதியாள் சொன்னாள். நீயும் இப்படித்தான் மக்கா, போய்ட்டேன்னு தான் சொன்னாங்க. நான் அரைகுறையாத்தான் சொன்னேன், மூணாவது நாமத்த முழுங்கிட்டேன், அந்த அரைகுறைக்கே அவரு உன்னைய எங்கிட்டத் திருப்பிக் குடுத்தாரு. நம்ம கணக்கு வேறட்டி, அவரு கணக்கு வேற. பயப்படாத. அதைச் சொன்னபோது ரெஜினா திரும்பிப் பார்த்தாள். நாலு நாளில் முதல் தடவை திரும்பினாள். கண் பளபளத்தது. ஆறுதல் என்று நினைத்தாள் லீதியாள், அன்றைக்கு ராத்திரி முழங்காலில் நின்று நன்றி சொன்னாள், அட கிறுக்கி. அது ஆறுதல் இல்லை. தேடிக்கொண்டிருந்தது கையில் கிடைத்த பளபளப்பு. ஏன் எனக்கு மட்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத் தாயே கொண்டுபோய்ப் பதிலை வாயில் ஊட்டியிருக்கிறாள். இந்தா, இதுதான், நான்தான். ரொட்டி என்று நினைத்துக் கொடுத்தாள், மகள் அதைக் கல் என்று வாங்கிக்கொண்டாள், வாங்கின கையோடு பத்திரமாக வைத்திருந்து, ஆறுமாதம் கழித்து, இதோ.

ஆல்வின் நேற்றுப் போனில் சிரித்தான். "மூணாவது நாமத்த விட்டுட்டேன்னு நீ அவகிட்ட சொன்ன. அவ உனக்கே நாமம் போட்டுட்டாளாம்மா?" சிரிப்பு வந்துவிட்டது இவளுக்கும். போனை வைத்த பிறகு அடுக்களையில் நின்று அழுகையும் வந்தது. வைக்குமுன் "போவாதம்மா" என்றிருந்தான். "அங்க ஒனக்கு என்ன வேல? ஒருத்தர் தெளிச்சாப் போதும்பாரு, இன்னொருத்தர் முக்குனாத்தான்பாரு. ரெண்டு பேருட்டயும் ஒரே புஸ்தவம்." ரெஜினாவிடம் இவளும் வாதாடிப் பார்க்காமல் இல்லை. "குடும்பத்தோட ஞானஸ்நானம் வாங்குனாங்கன்னு வேதத்துல இருக்கேட்டி, அதுல பிள்ளையும் இருந்திருக்கும்லா?" என்றாள். "இருந்துச்சின்னு எழுதலல்லா?" என்றாள் மகள். இல்லை என்றும் எழுதவில்லையே. எழுதாத இடத்தில்தான் சண்டை. எழுதாத இடத்தில்தான் இவளும் முப்பத்தொரு வருஷம் குடியிருந்தாள், யாருக்கும் தொந்தரவில்லாமல். அதுகூடப் பரவாயில்லை, அவள் வேறு சபைக்குப் போகட்டும், கை தட்டட்டும், காதைக் கழுத்தை மூளியாக்கிக்கொள்ளட்டும். அவரவர் கண்ணுக்குத் தெரிந்த வெளிச்சம். வேறே போவது துரோகம் ஆகாது. போகிறவள் வீட்டுப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துத் தெருவில் விரித்துவிட்டுப் போகிறாளே.

கரண்டு வரக் காணோம். பாஸ்டர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "முழங்கால் போட்டா நெஞ்சளவு வந்துரும், போதும். கர்த்தருக்கு இவ்வளவு தண்ணி தாராளம்" என்றார். கூட்டம் சிரித்தது. லீதியாள் சிரிக்கவில்லை. தண்ணீர் குறைந்தால் பரவாயில்லையாம், முழங்கால் போட்டு ஈடுகட்டலாமாம். வார்த்தை குறைந்தால்தான் ஆகாது. இறங்குமுன் ஆளுக்கொரு சாட்சி. மைக் இல்லாததால் ரெஜினா தொண்டையைத் திறந்து பேசினாள், பொன்னையா வாத்தியார் வகுப்பில் பேசுகிற அதே குரல், அதே நிறுத்தி நிறுத்திப் பேசுகிற தோரணை. "எனக்குச் சின்னப் பிள்ளைல தலையில தண்ணி தொட்டு வச்சாங்க. அத ஞானஸ்நானம்னு நம்பிட்டு இருந்தேன். எங்கம்மாவே சொன்னாங்க, முழுசாச் சொல்லலன்னு. முப்பது வருஷம் இல்லாத ஒண்ண இருக்குன்னு நெனச்சு வாழ்ந்துருக்கேன்." தொட்டு வச்சாங்க. தண்ணி. இல்லாத ஒண்ண. அல்லேலூயா என்று கூட்டம் ஏற்றது. பக்கத்து நாற்காலி இவள் பக்கம் திரும்பிவிட்டு, நல்ல மனசோடு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. எழுந்திருக்கலாம். எழுந்து, இல்லாத ஒண்ணாலயாட்டி நீ உசுரோட இருக்க, என்று ஒரு வார்த்தை. துண்டு நழுவியது, பிடித்தாள். பட்டாணி நெற்றி, விரல் நுனியில் பட்ட சூடு, இருந்தது என்றால் அதுதான் இருந்தது, அதைத் தவிர இந்த உலகத்தில் வேறொன்றும் அவ்வளவு இருந்ததில்லை. மேலே நிற்கிறவள் கூட்டத்தைப் பார்த்தாள், மாப்பிள்ளை பிடித்திருந்த போனைப் பார்த்தாள், முதல் வரிசையில் இவள் உட்கார்ந்திருந்த மூன்றாவது நாற்காலியை மட்டும் பார்க்கவில்லை. தெரிந்துதான் பார்க்கவில்லை. அப்படியானால் தான் செய்வது என்னவென்று அவளுக்கும் தெரிகிறது.

தண்ணீருக்குள் முழங்காலிட்டபோது சுடிதார் காற்றடைத்து உப்பியது, பாஸ்டர் அதைத் தட்டி அமுக்கினார். ஒரு கை பிடரியில், ஒரு கை நெற்றியில். லீதியாள் துண்டோடு தொட்டியோரம் வந்து நின்றாள், அவளைவிடப் பக்கத்தில் யாரும் இல்லை. "ரெஜினாவே" என்றார் பாஸ்டர். நர்ஸின் பெயர். அந்தப் பெயரையாவது வைத்துக்கொண்டாளே. "பிதாவின்" என்றார். ரெஜினா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "குமாரனின்" என்றார். லீதியாளின் நெஞ்சு அந்த இடத்தில் வழக்கம்போல நின்றது, கதவுக்கு முன்னால். கரண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே மோட்டார் உறுமிப் பாய, யாரோ அணைக்க மறந்திருந்த ஸ்பீக்கர் காதைக் கிழிக்கிற ஒரு கீச்சோடு அலற, மின்விசிறிகள் தடதடக்க, பச்சைக் குழாய் துள்ளிப் பாஸ்டரின் முகத்திலேயே ஒரு வீச்சு வீசியது. அவர் வாய் அசைந்தது. அசைந்ததா, தண்ணீரைத் துப்பினாரா? மகள் தலை உள்ளே போயிற்று, வெளியே வந்தது. கூட்டம் கை தட்டிக் கூவியது, ஒருத்தர் ஓடிப்போய் ஸ்பீக்கரை அணைத்தார். ஒருத்தர் முகத்திலும் ஒரு சந்தேகமும் இல்லை. சொல்லியிருப்பார். சொல்லாமல் எப்படி. உதடு அசைந்ததே.

தடுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு பல்பு. ரெஜினா பல் கிட்டி நடுங்கினாள், தரையில் தண்ணீர் கட்டியது. லீதியாள் துண்டைத் தலையில் போட்டுத் துவட்ட ஆரம்பித்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த தலையைத் துவட்டுகிற மாதிரியே, பிடரியிலிருந்து மேலே. கை அதுபாட்டுக்குச் செய்தது. கைக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை.

"எம்மா."

"ம்."

"மோட்டார் சத்தத்துல எனக்கு ரெண்டுதான் கேட்டுச்சு." துண்டுக்குள்ளிருந்து வந்த குரல் மேடைக் குரல் இல்லை. "நீ பக்கத்துலதான நின்ன. மூணும் சொன்னாருல்லா?"

கை நின்றது. எனக்கும் கேக்கலட்டி. இவ்வளவுதான், இரண்டு சொல். பொய்கூட இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று லீதியாளுக்குத் தெரியும், அவளைவிட வேறு யாருக்குத் தெரியும். இன்னொரு முப்பத்தொரு வருஷம். நீ செய்ததை நானும் செய்கிறேன், உண்மையைச் சொல்லியே செய்கிறேன் என்று ஒரு கசப்பு நாக்கின் அடியில் ஊறிற்று, ஊறினது ருசியாகவும் இருந்தது, ஆண்டவரே, ருசியாக இருந்தது. அப்போதுதான் மகளின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். ஈரச் சுடிதாருக்கு மேல், அடிவயிற்றில், உள்ளங்கையை விரித்துப் பொத்தினாற்போல. ஓ. நாள் தள்ளிப்போனதை இவளிடம் சொல்லவில்லை. பாஸ்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கும். உபவாசம் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வழியத் தெறந்துட்டாரே என்றாளே.

"எம்மா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள் லீதியாள். "மூணும் தெளிவாக் கேட்டுச்சு. குனி, சொட்டுது."

ரெஜினா குனிந்தாள். மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்து, தோள் இறங்கியது. அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டே லீதியாள் துவட்டினாள். முதல் ரகசியத்தைச் சொன்ன வாயால் இந்த இரண்டாவதைச் சொல்ல மாட்டாள், மகளிடம் மாட்டாள், மகள் மறுபடி கட்டிலில் கிடந்தாலும் மாட்டாள், இனிமேல் மகளிடம் கொடுத்து வைக்க ஒன்றும் இல்லை. நல்லா இருக்கட்டும். ஈரம் போன பிறகும் துண்டை எடுக்கவில்லை. துண்டுக்கு மேலே, நெற்றி இருக்கிற இடத்தில், இரண்டு விரலை வைத்தாள். உதடு அசைந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல" என்றாள்.